புற்றுநோய் முற்றிய நிலையில் வீட்டுப் பராமரிப்பு: வீடுகளில் கண்டதும் கற்றதும்

வலி நிவாரண மருத்துவர்:

"இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." இந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு வரும் குடும்பங்களை இங்கே எழுதும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த வரி தவறு. செய்வதற்கு நிறைய இருக்கிறது. அதில் பாதி மருத்துவமனையில் நடப்பதில்லை, வீட்டில், வீட்டார் கையால் நடப்பது. வீடு வீடாகப் போகும்போது எது பலன் தருகிறது, எது எங்கே பிசகுகிறது என்று இந்த இழையில் எழுதுவோம். வலியில் தொடங்குகிறேன்.

வீடுகளில் அடிக்கடி காணும் பிழை, கடும் வலிக்குத் தரும் அபினி வகை மருந்தான மார்ஃபின் மாத்திரையை "வலி வந்தா போடுங்க" என்று கொடுப்பது. சாதாரண மார்ஃபின் மாத்திரை 20, 30 நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கி ஏறக்குறைய 4 மணி நேரம் நிற்கும். வலி வந்த பிறகு போட்டால் ஒவ்வொரு முறையும் வலி ஏறி, மருந்து துரத்தி, மறுபடி ஏறும். அதனால் நேரம் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணி வேளைக்கு இரட்டை அளவு கொடுத்தால் 2 மணிக்கு எழுப்ப வேண்டாம். 10 மி.கி. என்று வைத்தால் பகலில் நான்கு மாத்திரை, இரவில் இரண்டு, மொத்தம் ஒரு நாளைக்கு 60 மி.கி. முன்பு இந்த வகை மருந்து எடுக்காதவருக்கும் வயதானவருக்கும் 5 மி.கி. அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்குவோம்.

இடையில் வலி கிளம்பினால் ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு கூடுதல் வேளையாகத் தரலாம். மேலே சொன்ன கணக்கில் அது 10 மி.கி. ஒரு மணி நேரம் கழித்தும் அடங்கவில்லை என்றால் மறுபடி. ஒரு நாளில் மூன்று கூடுதல் வேளைக்கு மேல் தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று பொருள், மருத்துவரிடம் சொல்லிக் கூட்ட வேண்டும். அதற்காகத்தான் ஒரு நோட்டில் கூடுதல் வேளைகளின் நேரமும் எண்ணிக்கையும் எழுதச் சொல்கிறோம். நோட்டு இல்லாத வீட்டில் "ராத்திரியெல்லாம் தூங்கல" என்பது மட்டும்தான் நமக்குக் கிடைக்கும் தகவல்.

எல்லா வலியும் மார்ஃபினுக்குக் கட்டுப்படாது. எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற சுளீர், மரமரப்பு என்று சொன்னால் நரம்பு வலி. இரவில் அமிட்ரிப்டிலின் 10 அல்லது 25 மி.கி., அல்லது கபாபென்டின் சேர்க்க வேண்டும். ஓரிடத்தைத் தொட்டுக் காட்டும் எலும்பு வலிக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) ஒரே முறைக் கதிர்வீச்சு மிக நல்ல மருந்து. ஐந்து நாள், பத்து நாள் அலைய வேண்டியதில்லை. படுத்த நோயாளியையும் ஒரு நாள் வண்டி வைத்துக் கூட்டிப் போய் வருவது வீண் அலைச்சல் ஆகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும்: சிறுநீரகம் பழுதானவரிடம் மார்ஃபினின் கழிவுப் பொருள் உடம்பில் தேங்கும். கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, பகலிலேயே அளவுக்கு மீறி மயங்கிக் கிடப்பது, இல்லாத ஆளோடு பேசுவது ஆகியவை அதன் அடையாளம். சிறுநீர் குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். இதைப் பார்த்துவிட்டு "வலியில் துடிக்கிறார்" என்று இன்னொரு மாத்திரை கொடுத்துவிடுவதும் வீடுகளில் நடக்கிறது.

வீட்டுப் பராமரிப்புச் செவிலியர்:

டாக்டர் மார்ஃபினோட நேரத்தைச் சொன்னார். நான் மலச்சிக்கலைச் சொல்றேன், ஏன்னா மாத்திரையை நிறுத்திட்டாங்கன்னு நாங்க கேள்விப்படற வீடுகள்ல காரணம் பெரும்பாலும் இதுதான்.

மார்ஃபின்ல வர்ற குமட்டல் மூணு நாள்ல இருந்து ஒரு வாரத்துல அடங்கிடும். மயக்கமும் அப்படித்தான். மலச்சிக்கல் மட்டும் அடங்கவே அடங்காது. மருந்து ஓடற வரைக்கும் அதுவும் ஓடும். அதனால மலமிளக்கி இல்லாம மார்ஃபின் சீட்டு எழுதினா அந்தச் சீட்டு முழுசு இல்ல. ராத்திரி பிசகோடில் 5 மி.கி. ரெண்டு மாத்திரை, இல்லேன்னா சென்னா. குடல் நகரணும், அதான் முக்கியம். வெறும் இசப்கோல் உமி வேண்டாம். நிறையத் தண்ணி குடிக்க முடியாதவங்களுக்கு அது உள்ளேயே கெட்டியாகி நிலைமையை மோசமாக்கிடும்.

மூணு நாள் போகலைன்னா கையுறை போட்டு ஆசனவாய்க்குள்ள விரல் விட்டுப் பார்க்கணும். கெட்டியா அடைச்சிருந்தா மேல இருந்து எவ்வளவு மருந்து கொடுத்தாலும் நகராது. கிளிசரின் சப்போசிட்டரி, எனிமா, தேவைப்பட்டா முன்கூட்டி வலி மாத்திரை கொடுத்துட்டு விரலால எடுக்கறது. ஒரு ஏமாற்று வேலை உண்டு: "ரெண்டு நாளா பேதி சிஸ்டர்"ன்னு சொல்வாங்க. அடைச்ச கட்டியைச் சுத்தித் தண்ணியா ஒழுகறதுதான் அது. அதுக்கு பேதி நிறுத்தற மாத்திரை கொடுத்துட்டா முடிஞ்சது கதை. கையால பார்க்காம பேதிக்கு மருந்து வாங்கிக் கொடுக்காதீங்க.

வயிறு உப்பி, வாந்தியும் இருந்து, காத்துகூட பிரியலைன்னா அது குடல் அடைப்பா இருக்கலாம். அப்போ மேல சொன்ன குடலைத் தள்ளற மருந்தை எல்லாம் நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடணும். வாந்திக்குக் கொடுக்கற மெட்டோகுளோப்ரமைடும் அந்த நேரத்துல கூடாது, சுருட்டிப் பிடிக்கிற வலி அதிகமாகும்.

மருந்தாளுநர்:

"மார்ஃபின் எந்த மெடிக்கல்ல கிடைக்கும்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்காது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள் தனித்தனியே வாங்க வேண்டியிருந்தது, பலர் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உட்பட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று வகுக்கப்பட்டன. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் வைத்திருந்து கொடுக்கலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "உங்கள் மருத்துவமனை மார்ஃபினுக்கு அங்கீகாரம் பெற்றதா?"

கடைப்பிடிக்க வேண்டிய சில: சீட்டில் நோயாளி பெயர், அளவு, எத்தனை வேளை, எத்தனை நாள் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். காலியான அட்டைகளைத் தூக்கி எறியாமல் அடுத்த முறை கொண்டு போங்கள், பல இடங்களில் எண்ணிப் பார்த்துத்தான் மறுபடி கொடுப்பார்கள். கடைசி நான்கு நாள் மருந்து மீதி இருக்கும்போதே வாங்கப் போங்கள். தீபாவளி, பொங்கல் தொடர் விடுமுறைகளில் மருந்து தீர்ந்து தவிக்கும் குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. திடீரென்று நின்றால் வலி மட்டும் வராது. வியர்வை, வயிற்றுப்போக்கு, பதற்றம் எல்லாம் வரும். இது அடிமைத்தனம் அல்ல, உடம்பு பழகிய மருந்தைச் சட்டென நிறுத்தினால் வருவது.

12 மணி நேர மார்ஃபின் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பொடித்தால் அரை நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். உணவு ஊட்ட மூக்கு வழியாகக் குழாய் வைத்தவருக்குச் சாதாரண மாத்திரைதான்.

ஃபென்டனில் ஒட்டுப்பட்டை விலை அதிகம், ஆனாலும் "மாத்திரையை விட நல்லது" என்று கேட்டு வாங்குகிறார்கள். 25 மைக்ரோகிராம் பட்டை ஒன்று ஒரு நாளைக்கு 60 மி.கி. அல்லது அதற்கு மேற்பட்ட மார்ஃபினுக்குச் சமம். அதனால் இதுவரை பாராசிட்டமால் மட்டும் எடுத்தவருக்கு அதை ஒட்டுவது ஆபத்து. ஒட்டியதும் வலி போகாது, 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதுவரை பழைய மருந்து தொடர வேண்டும். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி ஒட்ட வேண்டும், பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியது. அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். கடுங்காய்ச்சல் வந்தாலும் மருந்து வேகமாக இறங்கும்.

அதே செவிலியர்:

புண் பத்தி யாராவது எழுதுவாங்கன்னு பார்த்தேன். நானே எழுதறேன்.

மார்பு, கழுத்து, கன்னம், இந்த மூணு இடத்துலயும் கட்டி வெடிச்சு புண்ணாகும்போது வலியைவிட நாத்தம்தான் அவங்களைக் கொல்லுது. பேரப்பிள்ளை கிட்ட வரமாட்டேங்குது, சாப்பாடு கதவுக்கிட்டயே வெச்சிட்டுப் போறாங்க. அந்த நாத்தம் காத்து படாத இடத்துல வளர்ற கிருமியால வருது. மெட்ரோனிடசோல் 400 மி.கி. மாத்திரையை நல்லா மாவா பொடிச்சு, புண்ணைக் கழுவினப்புறம் மேல தூவுங்க. ரெண்டு மூணு நாள்ல வித்தியாசம் தெரியும். விலை மிகக் குறைவு. இத்தனை சின்ன விஷயம் தெரியாம எத்தனை பேர் தனி அறையில கிடக்காங்கன்னு நினைச்சா மனசு ஆறாது.

கழுவ உப்புத் தண்ணி போதும். அரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வெச்சு ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு ஆற விடுங்க. தினம் புதுசா செய்யணும். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் எதுவும் வேண்டாம், பச்சைச் சதையைப் பொசுக்கிடும், வலியும் கூடும்.

ஒட்டிக்கிட்ட துணியை வெடுக்குனு இழுக்கறதுதான் பெரிய தப்பு. இழுத்தா ரத்தம் வரும், அந்தப் பயத்துல அடுத்த நாள் டிரெஸ்ஸிங்கே வேண்டாம்பாங்க. உப்புத் தண்ணியை ஊத்தி பத்து நிமிஷம் ஊற விட்டு, தானா கழன்று வரும்போது எடுங்க. புண்ணு மேல படற முதல் அடுக்குல வாசலின் தடவின காஸ் துணி வைங்க, அடுத்த நாள் ஒட்டாது. டிரெஸ்ஸிங்குக்கு அரை மணி நேரம் முன்னாடி ஒரு கூடுதல் வேளை மார்ஃபின் கொடுத்துட்டா நிம்மதியா செய்யலாம்.

தினம் காஸ் வாங்க முடியாத வீட்டுல பழைய பருத்தி வேட்டி, சேலை போதும். துவைச்சு, உள்ளங்கை அளவுக்கு வெட்டி, சுத்தமான துணியில மூட்டையா கட்டுங்க. குக்கர்ல கீழ தண்ணி, மேல தட்டு, தட்டுமேல மூட்டை. தண்ணி துணியில படக்கூடாது. விசில் வந்ததும் தீயைக் குறைச்சு 30 நிமிஷம். மூட்டையைப் பிரிக்காம வெயில்ல காய வெச்சு, வேணும்போது மட்டும் கை கழுவிட்டு எடுங்க.

ரத்தம் கசிஞ்சா பதறாம மடிச்ச துணியால பத்து நிமிஷம் அழுத்திப் பிடிங்க, நடுவுல எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையைப் பொடிச்சு, துணியில நனைச்சு வெச்சும் அழுத்தலாம்.

நாத்தத்துக்கு அறையில சாம்பிராணி, ஊதுபத்தி வேண்டாம். புகை மூச்சை இறுக்கும், ரெண்டு வாசனையும் கலந்தா குமட்டல். ஒரு தட்டுல அடுப்புக்கரி இல்லேன்னா காப்பித்தூள் கட்டிலுக்கு அடியில வைங்க, ஜன்னலைத் திறந்து வைங்க.

தன்னார்வலர், கிராமப் பகுதி:

சிஸ்டர், புழு வைத்தால் டர்பன்டைன் ஊற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா?

அதே செவிலியர்:

ஊத்தக்கூடாதுங்க. காஸ் துணியை டர்பன்டைன்ல நனைச்சுப் பிழிஞ்சு புண்ணோட ஓரத்துல பிடிங்க. சில நிமிஷத்துல அதுங்க மூச்சு முட்டி வெளிய வரும், ஃபோர்செப்ஸால ஒவ்வொண்ணா எடுக்கணும். ஒரே நாள்ல முடியாது, ரெண்டு மூணு நாள் தொடர்ந்து பார்க்கணும். பக்கத்துல விளக்கு, அடுப்பு இருக்கக்கூடாது. வாய்க்குள்ளயோ, மூச்சு விட வெச்ச தொண்டைத் துளைக்குப் பக்கத்துலயோ இருந்தா டர்பன்டைன் வேண்டவே வேண்டாம், நெடி மூச்சுக்குழாய்க்குள்ள போகும். அங்கே டாக்டர் பார்த்து ஐவர்மெக்டின் மாத்திரை கொடுப்பார், நாங்க கையால எடுப்போம். அப்புறம் வீட்டுக்காரங்களைக் குத்தம் சொல்லாதீங்க. ஒரே ஒரு ஈ உட்கார்ந்தா போதும், அழுக்கு வீடுன்னு அர்த்தம் இல்ல. பகல்லயும் கொசுவலை போடுங்க.

உணவு ஆலோசகர்:

வாய்ப் புற்றுநோய் நம் நாட்டில் அதிகம், அதனால் மூக்குக் குழாயோடு வீட்டுக்கு வருபவர்களும் அதிகம். குழாய் அடைப்பதற்கு முதல் காரணம் கஞ்சி. காய்ச்சும்போது நீர்க்க இருக்கும் சத்துமாவுக் கஞ்சி ஆறியதும் இறுகும். முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு டீஸ்பூன், கஞ்சி வெதுவெதுப்பாக இருக்கும்போது கலந்து வைத்தால் மாவுச்சத்து உடைந்து கஞ்சி இளகிவிடும். பிறகு ஒரு கொதி விட்டு வடிகட்டுங்கள். இதனால் அதே அளவு தண்ணீரில் அதிக மாவு சேர்க்க முடிகிறது, சத்தும் கூடுகிறது.

ஊட்டும் முறை: குழாயில் மூக்கருகே போட்ட குறி அதே இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறி வெளியே வந்திருந்தால் எதுவும் ஊற்றாமல் செவிலியரைக் கூப்பிடுங்கள். தலைப்பக்கம் 45 பாகை உயரட்டும். சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, உருளையை மட்டும் குழாயில் பொருத்தி, ஒரு சாண் உயரத்தில் பிடித்துத் தானாக இறங்கவிடுங்கள். தண்டால் தள்ளினால் வயிறு உப்பி வாந்தி வரும், வாந்தி மூச்சுக்குழாயில் போனால் நிமோனியா. ஒரு வேளைக்கு 200 மி.லி., பதினைந்து இருபது நிமிடத்தில். முன்னும் பின்னும் 30 முதல் 50 மி.லி. வெறும் தண்ணீர். ஊட்டியபின் முக்கால் மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. இருமல் வந்தால், மூச்சு மாறினால் உடனே நிறுத்துங்கள்.

குழாய் இருந்தாலும் வாயைக் கழுவ வேண்டும். அரை லிட்டர் ஆறிய தண்ணீரில் அரை டீஸ்பூன் ஆப்ப சோடா, கால் டீஸ்பூன் உப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளிக்கட்டும். முடியாதவருக்கு விரலில் மெல்லிய துணி சுற்றி நனைத்துத் துடைத்துவிடலாம். நாக்கில் தயிர் ஒட்டியது போல வெள்ளைப் படலம் இருந்து, விழுங்கும்போது எரிகிறது என்றால் பூஞ்சை. குளோட்ரிமசோல் வாய்மருந்து நான்கு வேளை தடவி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். "சாப்பாடு பிடிக்கல" என்று சொல்பவரின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பல வேளைகளில் காரணம் அங்கேதான்.

வாய் சுத்தமாக இருந்தும் பசி இல்லை என்றால், அது நோயே செய்வது. கட்டி உடம்பின் வளர்சிதை மாற்றத்தையே மாற்றிவிடுகிறது, அதிகம் ஊட்டினாலும் சதை கூடாது. "சாப்பிட மாட்டேங்கறாரு, அதான் இளைக்கிறாரு" என்பது தலைகீழ். நோய் இளைக்க வைக்கிறது, பசியும் அதனாலேயே போகிறது. இதை மனைவியிடம், தாயிடம் விளக்கிச் சொல்ல வேண்டியது நம் கடமை. இல்லையென்றால் ஒவ்வொரு வேளையும் சண்டையாகிறது. பெரிய தட்டு வேண்டாம். சின்னக் கிண்ணத்தில் இரண்டு வாய் தயிர் சாதம், கேட்கும் நேரத்தில். சர்க்கரை நோய்ப் பத்தியமும் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் தளர்த்திவிடலாம், மருத்துவரிடம் கேட்டு மாத்திரை அளவையும் குறைக்க வேண்டும். சாப்பிடாதவருக்குப் பழைய அளவு மாத்திரை கொடுத்துச் சர்க்கரை இறங்கி மயங்குவதைப் பார்க்கிறோம்.

வலி நிவாரண மருத்துவர்:

மூச்சுத் திணறல். குடும்பங்கள் முதலில் ஆக்சிஜன் எந்திரம் வாடகைக்கு எடுக்கின்றன. விரலில் மாட்டும் கருவியில் அளவு 90-க்குக் கீழே இருந்தால் அது உதவும். அளவு சரியாக இருந்தும் திணறுபவருக்கு ஆக்சிஜன், சாதாரணக் காற்றை விட அதிகமாக உதவுவதில்லை. மூக்கும் தொண்டையும் காய்ந்து, முகமூடிக்குள் பேச்சும் போய்விடுகிறது.

பதிலாக ஒரு சின்ன மேசை விசிறியைக் கன்னமும் மூக்கும் காற்று படும்படி வையுங்கள். அந்த இடத்து நரம்பு குளிர்ந்தால் மூச்சு முட்டும் உணர்வு குறையும். கட்டிலில் உட்காரவைத்து, முன்னால் ஒரு ஸ்டூலில் இரண்டு தலையணை வைத்து அதன்மேல் கைகளைச் சாய்க்கச் சொல்லுங்கள். அறையில் ஒருவர் மட்டும் இருந்தால் போதும். மார்ஃபின் 2.5 மி.கி. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பது மூச்சுத் திணறலுக்கு நல்ல மருந்து. "மூச்சை நிறுத்திவிடும்" என்ற பயம் இந்த அளவுக்குப் பொருந்தாது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் அதை எடுப்பதுதான் முதல் வேலை, அதைப் பார்க்காமல் விசிறியோடு நிற்கக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்கிறேன், ஏனென்றால் இதில் தாமதம் திருத்த முடியாதது. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் புற்றுநோய் உள்ளவருக்குப் புதிதாக முதுகு வலி, இருமினால் தும்மினால் கூடும் வலி, கால் கனக்கிறது, படி ஏற முடியவில்லை, சிறுநீர் கட்டுகிறது என்றால் தண்டுவடம் நசுங்குகிறது. "படுத்தே இருந்ததால் கால் சோர்ந்துவிட்டது" என்று வாரக்கணக்கில் விடுகிறார்கள். அன்றே மருத்துவமனை. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 16 மி.கி., ஸ்கேன், கதிர்வீச்சு. நடந்து வருபவர் நடந்து திரும்ப வாய்ப்பு உண்டு, கால் முழுதும் விழுந்த பிறகு அது அரிது. அந்த ஸ்டீராய்டைப் பகல் 2 மணிக்குள் கொடுத்து முடியுங்கள், மாலையில் கொடுத்தால் இரவெல்லாம் தூக்கம் வராது.

அதிக தாகம், அதிக சிறுநீர், மலச்சிக்கல், குழப்பமான பேச்சு எல்லாம் சேர்ந்து சில நாளில் வந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். இதுவும் ஊசியால் இறக்கக்கூடியது. "கடைசி வந்துவிட்டது" என்று முடிவு செய்யுமுன் ஒரு இரத்தப் பரிசோதனை.

தன்னார்வலர், கிராமப் பகுதி:

படுக்கை பற்றி. வாட்டர் பெட் வாங்கியும் புண் வருகிறது என்பார்கள். போய்ப் பார்த்தால் மூன்று காரணம்தான். உள்ளே காற்றை வெளியேற்றாமல் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். அல்லது தண்ணீர் போதாமல் இடுப்பு கட்டில் பலகையில் முட்டும். இடுப்புக்கு அடியில் கை விட்டு அழுத்திப் பார்த்தால் பலகை தட்டுப்படக் கூடாது. அல்லது அதன்மேல் கம்பளி, ரப்பர் ஷீட், இரண்டு போர்வை என்று விரித்திருப்பார்கள். ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு போதும். மின்சாரத்தில் ஓடும் காற்று மெத்தை நல்லதுதான், ஆனால் கரண்ட் போனால் தட்டையாகிவிடும்.

எந்த மெத்தையாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் வீட்டில் யார் இருந்தாலும் செய்வார்கள். இழுத்துப் புரட்டாமல், கீழ் விரிப்பை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, உள்ளே ஏற்கெனவே நைந்த சதை இன்னும் நையும். குதிகாலை மறந்துவிடுகிறோம், கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கட்டும்.

யாரை அழைப்பது என்று கேட்பவர்களுக்கு: 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை தருவதும் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். கேரளத்தில் இந்த ஆதரவு சிகிச்சை 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது, பின்னர் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று வீடு பார்க்கும் வலைப்பின்னலாக வளர்ந்தது. 2008-இல் அந்த மாநில அரசு அதற்கென்று கொள்கையே வெளியிட்டது. நம் ஊர்த் தெருவிலும் வாரம் இரண்டு மணி நேரம் தரக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

மருத்துவ சமூகப் பணியாளர்:

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." வாசலிலேயே நிறுத்திச் சொல்வார்கள். அவர்களோடு வாதிட வேண்டாம், அது அன்பில் வருவது. "நானாக எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்" என்று முதலிலேயே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். பிறகு நோயாளியிடம், "உங்க உடம்புக்கு என்னன்னு உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். "பசங்க பயப்படுவாங்க, அதான் நான் கேக்கல" என்ற பதிலும் வரும். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் காப்பதாக நினைத்துத் தனித்தனியே அழுதுகொண்டிருக்கிறார்கள்.

தெரிந்துகொண்டவர் செய்ய விரும்புவதற்கு நாள் வேண்டும்: நிலத்தை எழுதிவைப்பது, பேசாமல் விட்ட தம்பியைக் கூப்பிடுவது, மகள் கல்யாணத்தை முன்னே தள்ளுவது. அதனால்தான் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையைக் கடைசி வாரத்தில் தொடங்காதீர்கள் என்று மன்றாடுகிறோம். நோய் உடம்பில் பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், நோய் தெரிந்ததுமே ஆதரவு சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்ததோடு, சராசரியில் கூடுதல் காலமும் வாழ்ந்தார்கள்: 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம்.

கடைசியில் வென்டிலேட்டர் வேண்டாம் என்று நினைப்பவர் அதை எழுதிவைக்கலாம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை ஏற்றது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அது தளர்த்தப்பட்டு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றாகிவிட்டது.

அதே செவிலியர்:

கடைசி நாட்கள்ல முழுங்க முடியாதப்போ மருந்தை நிறுத்திடறாங்க. நிறுத்தக்கூடாது. சாதாரண மார்ஃபின் மாத்திரையைப் பொடிச்சு, ரெண்டு மூணு சொட்டுத் தண்ணியில குழைச்சு, தலையைச் சாய்ச்சுக் கன்னத்துக்குள்ள தடவலாம். இல்லேன்னா பட்டர்ஃபிளை ஊசியைத் தோலுக்கடியில வெச்சு ஒட்டிட்டா பல நாள் அப்படியே இருக்கும், ஊசி மருந்தை அது வழியா வீட்டுக்காரங்களே கொடுக்கக் கத்துக்கலாம். தோல் வழியா கொடுக்கும்போது வாய்வழி அளவுல பாதிதான்.

தொண்டையில கரகரன்னு சத்தம் வரும். பார்க்கறவங்களுக்குத்தான் அது தாங்காது, அவங்க அந்த நேரம் நினைவுல இருக்க மாட்டாங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கிளைகோபைரோலேட் இல்லேன்னா ஹையோசின் ஊசி சீக்கிரமே போட்டா சளி சேராது, ஏற்கெனவே சேர்ந்ததை எடுக்காது. குழாய் விட்டு உறிஞ்சறது வேதனை. "குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு உறவுக்காரங்க நெருக்குவாங்க. அந்த நேரத்துல ஏத்தற தண்ணி கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும்தான் சேரும். உதட்டை நனைச்சு வெண்ணெயோ வாசலினோ தடவுங்க, தாகம் அதுலயே அடங்கும்.

திடீர்னு புரண்டு புரண்டு, துணியை இழுத்துக்கிட்டு இருந்தா முதல்ல அடிவயித்தைத் தொட்டுப் பாருங்க. சிறுநீர் கட்டியிருக்கும். குழாய் வெச்சதும் அமைதியாயிடுவாங்க. அது இல்லாம இருந்தாத்தான் அமைதிப்படுத்தற மருந்துகளான ஹாலோபெரிடால், மிடசோலம்.

கழுத்துப் புண் ஆழமா இருக்கிறவங்க வீட்டுல கருஞ்சிவப்பு இல்லேன்னா கருநீலத் துண்டு நாலைஞ்சு கட்டில் பக்கத்துலயே வெச்சிருங்க. பெருசா ரத்தம் போனா வெள்ளைத் துணியில அது கண்ணுக்குப் பயங்கரமா தெரியும், இந்த மாதிரி அடர் நிறத் துணியில அவ்வளவா தெரியாது. ஒருத்தர் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே இருக்கணும், எல்லாரும் போன் பண்ண ஓடிடக்கூடாது.

புதிய உறுப்பினர்:

வீட்டிலேயே இறந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டுமா? பயமாக இருக்கிறது.

மருத்துவ சமூகப் பணியாளர்:

நோயால் நேர்ந்த இயற்கை மரணத்துக்குக் காவல் துறை தேவையில்லை. தொடர்ந்து பார்த்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணச் சான்று வாங்குங்கள், வீட்டில் நடந்த மரணத்துக்கு அது 4ஏ படிவம். அதோடு ஆதார், மருத்துவக் கோப்பின் நகல் கொண்டு 21 நாட்களுக்குள் உள்ளூர்ப் பதிவாளரிடம் பதியுங்கள். முன்கூட்டியே மருத்துவரின் போன் எண்ணும், கடைசியாக அவர் பார்த்த தேதி எழுதிய சீட்டும் ஒரே உறையில் இருக்கட்டும். இரவு 2 மணிக்குத் தேட வேண்டியிருக்காது. மீதி மார்ஃபினை வாங்கிய இடத்திலேயே எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பக்கத்து வீட்டு முதுகு வலிக்குக் கொடுக்க வேண்டாம்.